எட்டு விளக்கும் எரிந்தன

"ஏறிட்டுதா மகன்?"

நான்காவது தடவையாக அந்த மூத்தம்மா கேட்டார். மடியில் ஒரு சொப்பின் பேக், அதற்குள் இன்னொரு சொப்பின் பேக், அதற்குள் நான்காக மடித்த காணி உறுதி. பன்னிரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, உறுதியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. முன் மண்டபத்தில் எடுத்த படம் பின் கட்டடத்தில் இருக்கும் சேமிப்புக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னது சரிதான். திரையில் பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்.

"இல்ல மூத்தம்மா, இன்னும் ஆறு பக்கம் இரிக்கி. நீங்க போங்க, நாங்க பாத்துக்கொள்றம்."

"ஏறட்டும் மகன். ஏறினதக் கண்ணால பாத்துட்டுப் போறன். நம்பி ஒருக்கா விட்டுட்டு வந்தவ நான்."

2012ஆம் ஆண்டு ஜூலை மாதம். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரத்தில் இருந்த ஒரு பழைய கட்டடம். வெளியே சோளகக் காற்று தென்னைகளை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. அவர் சொன்ன அந்த "ஒருக்கா" எது என்று எனக்குத் தெரியும். நானும் அதே வள்ளங்களில் ஒன்றில் வந்தவன்தான்.

1990 ஒக்டோபர் கடைசியில் எருக்கலம்பிட்டிக் கரையில் வள்ளம் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் அந்தக் குறுகிய நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். உம்மா கையில் எடுத்தது குர்ஆன், ஒரு அரிசிப் பை, தங்கச்சியின் உடுப்பு. பெட்டகத்தின் அடித்தட்டில் இருந்த கடதாசிகளை யாரும் நினைக்கவில்லை. சில நாளில் திரும்பிவிடுவோம் என்றுதான் வாப்பா சொன்னார். அந்தச் சில நாள் இருபது வருடத்தையும் தாண்டிப் போனது. தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் உப்பளத்துப் பக்கங்களிலும் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. பிறகு அவை கல் வீடுகள் ஆயின. நாங்கள் புத்தளத்தார் ஆனோம்.

2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பும் பேச்சு வந்தது. அதோடு கடதாசியும் தேவைப்பட்டது. காணி உறுதி எங்கே, பேமிட் எங்கே, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கே என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். சிலர் மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வள்ளத்தில் கடல்நீர் பட்டு மை கலங்கியவை, கறையான் ஓரம் தின்றவை, மடிப்பு வழியே நாலு துண்டானவை. அவை இன்னும் சில வருடத்தில் இல்லாமல் போய்விடும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து அவற்றை ஸ்கேன் செய்து வைக்கத் தொடங்கினார்கள். உறுதி, பங்கீட்டு அட்டை, விவாகப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், பழைய கலியாணப் படம் எதுவும் விலக்கில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் அவர்களுக்கு முன்மாதிரி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவை ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் என்று படித்தவர்கள் அவர்கள். ஆகவே முதல் நாளே ஒரு விதி எழுதி ஒட்டினார்கள்: ஒரே இடத்தில் இருக்கும் பிரதி பிரதியல்ல.

நான் புத்தளம் நகரில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். "நானா, லைன் சரியான மெதுவு, ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்கள். வந்த முதல் நாள்தான் அந்த மூத்தம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

*

மெதுவு என்றால் எவ்வளவு மெதுவு என்று யாரும் கணக்குப் பார்த்திருக்கவில்லை. அன்றிரவு பார்த்தேன்.

ஒரு ஏ4 பக்கத்தை ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் முழு வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 26 மெகாபைட். ஒரு நாளைக்கு 400 பக்கம் எடுத்தார்கள். அப்படியானால் நாளொன்றுக்குப் பத்து கிகாபைட்டுக்குச் சற்று மேல். லைன் விநாடிக்கு 300 கிலோபைட்தான் தந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தில் ஒரு நாள் வேலை பின் கட்டடத்துக்குப் போய்ச் சேர ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதனால் இரவிரவாகப் பிரதிசெய்ய விட்டுவிட்டுப் போவார்கள். இரவில் கரண்ட் போகும். காலையில் வந்து பார்த்தால் பாதி போயிருக்கும், எது போனது எது போகவில்லை என்று தெரியாது. மறுபடி முதலிலிருந்து. இப்படி ஆறு வாரம் நடந்திருக்கிறது.

அந்த லைனின் தகுதி என்ன? இரண்டு பக்கமும் இருந்தவை 100 மெகாபிட் சாதனங்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே உச்சம் விநாடிக்கு 12.5 மெகாபைட். முகவரி, சரிபார்ப்பு எண் என்று கழிந்தபின் கைக்கு வர வேண்டியது 11 மெகாபைட் அளவு. எங்களுக்கு வந்தது அதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். 16 நிமிட வேலை ஒரு இராத்திரியைத் தின்றுகொண்டிருந்தது.

இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர்கள் அதிர்ச்சி அடைந்தார்கள். அதுவரை அதை ஒரு பழுது என்று யாரும் நினைத்திருக்கவில்லை. "நாம இருக்கிற இடம் அப்பிடி நானா", "பழைய கொம்பியூட்டர்தானே", "சோளகம் முடிஞ்சா சரியாகும்" என்றார்கள். முகாமில் வளர்ந்த எங்களுக்கு வரிசையில் நிற்பது பழக்கம். தண்ணீர் பவுசருக்கு நின்றோம், அரிசிக்கு நின்றோம், கையெழுத்துக்கு நின்றோம். தாமதத்தை நாங்கள் காலநிலைபோல ஏற்றுக்கொள்வோம். அந்தப் பழக்கம் கணினிக்குள்ளும் வந்துவிட்டதே என்று எனக்கு நெஞ்சு கனத்தது.

*

திருத்துகிறவனுக்கு முதல் வேலை பாதையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. கோப்பு ஒன்று முன் மண்டபத்து டிஸ்கிலிருந்து புறப்பட்டு, அந்தக் கணினியின் நெட்வேர்க் கார்ட், சிறு வயர், எட்டு வாய் கொண்ட சுவிட்ச், முற்றத்தைக் கடக்கும் நாற்பது மீற்றர் கேபிள், சேமிப்புக் கணினியின் கார்ட், அதன் டிஸ்க் என்று போகிறது. எந்தத் துண்டில் அடைப்பு?

முதலில் டிஸ்க். சேமிப்புக் கணினிக்குள்ளேயே ஒரு பெரிய கோப்பை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதிசெய்தேன். விநாடிக்கு 40 மெகாபைட். டிஸ்கில் குற்றமில்லை. வைரஸ் காவல் மென்பொருளை நிறுத்திப் பார்த்தேன். மாற்றமில்லை. பிறகு என் மடிக்கணினியைப் பின் கட்டடத்துக்கே தூக்கிக்கொண்டு போய், என் பையில் இருந்த இரண்டு மீற்றர் வயரால் சேமிப்புக் கணினியோடு நேரே இணைத்தேன். விநாடிக்கு 11 மெகாபைட். கார்டும் நல்லது. அதே வயரால் முன் மண்டபத்துச் சுவிட்சையும் பார்த்தேன், அதுவும் நல்லது. மிஞ்சியது முற்றத்துக் கேபிள்.

அந்தக் கேபிளைப் போட்டது அவர்களில் இளையவன், பதினெட்டு வயதுப் பையன். கெட்டிக்காரன். சுவரில் ஆணி அடித்து, குசினிக் கூரையோரமாக, தண்ணீர் மோட்டர் அறைக்கு மேலால், ஒரு தொய்வுகூட இல்லாமல் இழுத்திருந்தான். கேபிளில் சந்தேகம் என்றதும் முகம் வாடிவிட்டது. ஓடிப்போய் டெஸ்ட்டரைக் கொண்டுவந்தான். ஒரு முனையில் பெரிய துண்டு, மறு முனையில் சிறிய துண்டு, ஒவ்வொன்றிலும் எட்டு விளக்கு. தட்டிவிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தவறாமல் எட்டு வரைக்கும் பச்சையாக எரிந்தன.

"எட்டும் எரியுது பாருங்க நானா."

உண்மைதான். எட்டும் எரிந்தன. பிங் கொடுத்துப் பார்த்தேன். பிங் என்பது மறுமுனையைப் பார்த்து "இருக்கிறாயா?" என்று கூப்பிடும் ஒரு சின்னக் குரல். விண்டோசில் வழமையாக அது 32 பைட்தான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் உடனே பதில் வந்தது. பையன் என்னைப் பார்த்தான். லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல எல்லாச் சாட்சியும் அவன் பக்கம் இருந்தது.

அன்றிரவு வீட்டுக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை. மறுநாள் மாலை இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, எதிர்த் திசையில் ஒரு கோப்பை இழுத்துப் பார்த்தேன். சேமிப்புக் கணினியிலிருந்து முன் மண்டபத்துக்கு. கிட்டத்தட்ட முழு வேகத்தில் வந்தது! அங்கிருந்து இங்கே ஓடுகிறது, இங்கிருந்து அங்கே ஊர்கிறது. இரண்டாவது, பிங்கையே பெரிதாக்கினேன், 32 பைட்டுக்குப் பதிலாக 1,400 பைட். நூறு தடவை கூப்பிட்டதில் நாலு பதில் வரவில்லை. அந்த நேரம் குசினியில் யாரோ மோட்டரைப் போட்டார்கள். மறுபடி நூறு கூப்பிட்டேன். இந்த முறை பதினொன்று வரவில்லை. கணினி ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டுக்குப் பொதி என்று பெயர். சிறிய பொதி தப்பிப் போகிறது, பெரிய பொதி வழியில் கெடுகிறது. மோட்டர் ஓடினால் இன்னும் கெடுகிறது. ஒரு திசையில் மட்டும் கெடுகிறது. விடை அந்த மூன்றுக்குள்ளும் இருந்தது.

பின் கட்டடத்து முனையில் பிளக்கைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் எட்டு நிறமும் வரிசையாகத் தெரிந்தன: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். பார்க்க அழகான வரிசை. ஒவ்வொரு நிறமும் தன் துணையோடு பக்கத்தில் நின்றது. பிழை அந்த அழகில்தான் இருந்தது.

"தம்பி, இந்த வரிசை ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்ல நானா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் போட்டாச் சரிதானே?"

*

அந்தப் பையனுக்கு அன்று நான் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

கேபிளின் தோலை உரித்தால் எட்டு வயர் நாலு சோடியாக முறுக்கிக் கிடக்கும். அந்த முறுக்கு இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இல்லை. ஒரே செய்தி ஒரு சோடியின் இரண்டு வயரிலும் ஓடுகிறது, ஒன்றில் ஏற்றமாக, மற்றதில் இறக்கமாக. மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வாசிக்கும். வழியில் மோட்டரின் இரைச்சல் விழுந்தால் இரண்டு வயரிலும் சமமாக விழும். ஏனென்றால் முறுக்கிலே ஒருமுறை இது மேலே, ஒருமுறை அது மேலே. சமமாக விழுந்தது வித்தியாசம் பார்க்கும்போது கழிந்துபோகும். செய்தி மட்டும் மிஞ்சும். இதைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், 1881இல், தொலைபேசிக் கம்பிக்காக. நூற்று முப்பது வருடத்துக்குப் பிறகும் நம் கேபிளைக் காப்பாற்றுவது அதே முறுக்குத்தான்.

100 மெகாபிட் லைன் நாலு சோடியில் இரண்டைத்தான் பாவிக்கிறது. பிளக்கின் முதலாம் இரண்டாம் ஊசிகள் ஒரு சோடி, மூன்றாம் ஆறாம் ஊசிகள் மற்றச் சோடி. நாலும் ஐந்தும் நடுவில் விடப்பட்டது தொலைபேசி அந்த நடுச் சோடியில் வந்த பழைய வழக்கத்துக்கு இடம் கொடுப்பதற்காக. ஆகவே சரியான வரிசையில் பச்சைச் சோடி பிரிந்து நிற்க வேண்டும். வெள்ளைப் பச்சை மூன்றாவது, பச்சை ஆறாவது, இடையில் நீலமும் வெள்ளை நீலமும். பையன் போட்ட வரிசையில் மூன்றாவது வெள்ளைப் பச்சை, ஆறாவது நீலம். இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படாதவை. செய்தி போகிறது, ஆனால் காவல் இல்லாமல் போகிறது. நாற்பது மீற்றரும் மோட்டர் இரைச்சலும் பக்கத்துச் சோடியின் இரைச்சலும் அதற்குள் விழுகின்றன. சேமிப்புக் கணினி அனுப்பும் சோடி முதலாம் இரண்டாம் ஊசிகளில் சரியாக இருந்தது. அது வாங்கும் சோடிதான் கெட்டது. அதனால்தான் ஒரு திசை ஓடியது, மறு திசை ஊர்ந்தது.

டெஸ்ட்டர் பொய் சொன்னதா? இல்லை. அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த முனையின் மூன்று அந்த முனையின் மூன்றுக்குப் போகிறதா? போகிறது. எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அது கேட்பதே இல்லை.

புத்தளத்துப் பிள்ளைக்குக் கயிறைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. தும்பு திரிக்கிற வீட்டில் பிறந்தவன் அவன். "இந்தப் புரியில ஒண்டு, அந்தப் புரியில ஒண்டு எடுத்து இழுத்தாக் கயிறு தாங்குமா தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பரைக் கையில் எடுத்தான்.

ஒன்று மட்டும் அவனுக்கு அப்போதும் விளங்கவில்லை. நூறில் நாலு பொதி கெட்டால் நூறில் நாலு பங்கு வேகம்தானே குறைய வேண்டும், ஏன் ஏறக்குறைய நாற்பது மடங்கு குறைந்தது? நல்ல கேள்வி. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையில் ஒரு பணிவு இருக்கிறது. அனுப்புகிறது, பற்றுச்சீட்டு வரக் காத்திருக்கிறது. சீட்டு வராவிட்டால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு தன் வேகத்தைக் குறைக்கிறது. இந்தப் பணிவு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1986 ஒக்டோபரில் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இடைத்தூரம் 400 யார்தான். விநாடிக்கு 32 கிலோபிட் போன இடத்தில் 40 பிட் போனது. எல்லாக் கணினிகளும் பதில் வராதபோது திரும்பத் திரும்ப அனுப்பி, தாங்களே வழியை அடைத்துக்கொண்டிருந்தன. வான் ஜேக்கப்சன் என்பவர் அதை ஆராய்ந்து 1988இல் வழி சொன்னார்: பொதி தொலைந்தால் விட்டுக்கொடு, மெல்லப் போ, பிறகு படிப்படியாகக் கூட்டு. இன்று இன்டர்நெட் நிற்பது அந்த விட்டுக்கொடுப்பின் மேல்.

ஆனால் எங்கள் முற்றத்தில் நெரிசல் இருக்கவில்லை. இரைச்சலால் பொதி கெட்டது. கெட்ட பொதியைக் கார்ட் சரிபார்த்து வீசியது. அனுப்பிய கணினிக்கு அந்தக் காரணம் தெரியாது. வழி நெரிசல் என்று நினைத்து ஒதுங்கி ஒதுங்கி நின்றது. கொஞ்சம் கூட்டும், மறுபடி ஒரு பொதி கெடும், மறுபடி ஒதுங்கும். ஒரு சிறு கெடுதி முழு வேகத்தையும் விழுங்கியது அப்படித்தான்.

*

இரண்டு முனையையும் வெட்டினோம். பையனே கட்டினான். தோலை உரித்து, ஒவ்வொரு சோடியின் முறுக்கையும் அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்காமல், நிறங்களை விரலால் நேராக்கி, வாயால் முணுமுணுத்துச் சரிபார்த்து, பிளக்கில் சொருகிக் கிரிம்பரை அழுத்தினான். 1,400 பைட் பிங் நூறு. நூறும் திரும்பி வந்தன. மோட்டரைப் போடச் சொன்னேன். நூறும் வந்தன. அன்றைய 400 பக்கத்தையும் அனுப்பினோம். இஷாவுக்குப் பாங்கு சொன்னபோது தொடங்கியது, தொழுதுவிட்டு வந்தபோது முடிந்திருந்தது. அன்று பிளக் இரண்டும் சேர்ந்து அறுபது ரூபாகூட வரவில்லை.

அடுத்த கிழமை அந்த மூத்தம்மா தன் தங்கையின் உறுதியைக் கொண்டுவந்தார். ஒன்பது பக்கம். ஸ்கேன் செய்த கடைசிப் பக்கத்தை நான் திருப்பிக் கொடுக்க, அவர் அதை மடித்து முதல் பேக்குக்குள் வைத்தார். அதை இரண்டாவது பேக்குக்குள் வைக்கும்போது பட்டை மறைந்துவிட்டது.

"ஏறிட்டு மூத்தம்மா."

நம்பவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பின் கட்டடத்துக்குப் போய்ச் சேமிப்புக் கணினியில் திறந்து காட்டினேன். தங்கையின் பெயர், காணியின் நாலு எல்லை, நொத்தாரிசின் கையொப்பம். வடக்கே எல்லை வீதி என்று வாசித்துக் காட்டியபோது, "அந்த வீதியில ஒரு புளிய மரம் நிண்டிச்சு" என்றார். அது உறுதியில் இல்லை.

*

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடச் சோளகத்தில் லைன் மறுபடி படுத்தது. இந்த முறை 100 மெகாபிட் என்று காட்ட வேண்டிய இடத்தில் 10 என்று காட்டியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொன்னிறமாக இருக்க வேண்டிய ஊசிகளில் பச்சைக் களிம்பு. உப்பு விளைகிற கரை இது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவே பாத்தி பாத்தியாக உப்பளம். அந்தக் காற்று யன்னல் கம்பியைத் தின்கிறது, சைக்கிள் சங்கிலியைத் தின்கிறது, மலிவான பிளக்கின் மெல்லிய தங்கப் பூச்சையா விட்டுவைக்கும்? வீட்டுக்குள் பாவிக்கும் சாம்பல் கேபிளின் தோலும் வெயிலில் வெடித்திருந்தது. வெளியில் பாவிக்கும் கறுப்புத் தோல் கேபிளை வாங்கி, பிவிசி குழாய்க்குள் விட்டு, மழைநீர் பிளக்குக்கு வழிந்து வராமல் சுவருக்கு வெளியே கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டோம். சோளகம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

இன்னும் இரண்டு பாடமும் அங்கே படித்தேன். நல்ல லைனிலும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் மெதுவாகத்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் பெயர் பதிந்து, கதவு திறந்து, கதவு மூட வேண்டும். ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பினால் அந்த நேரம் மிஞ்சும். அடுத்தது, மூன்றாம் பிரதியைக் கொழும்புக்கு அனுப்புவது. ஏடிஎஸ்எல் இன்டர்நெட் இணைப்பு இறக்குவதற்கு விரைவும் ஏற்றுவதற்குத் தாமதமுமாகவே வடிவமைக்கப்பட்டது. எங்களுக்கு ஏற்றும் வேகம் அரை மெகாபிட். ஒரு நாள் வேலை ஏற நாற்பது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். கொழும்போ 130 கிலோமீற்றருக்குள். ஆகவே டிஸ்கைத் துவாயில் சுற்றி, கிழமைக்கு ஒருதரம் காலை பஸ்ஸில் ஒருவர் கொண்டுபோனார். எந்த வழி விரைவு என்பதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும், வழக்கம் அல்ல.

அந்தப் பையன் இன்று நெட்வேர்க் வேலையில்தான் இருக்கிறான். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஒரு கேபிளை உரித்து முறுக்கைக் காட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

இதை வாசிக்கும் ஆசிரியருக்கும், பள்ளிவாசல் அலுவலகத்தில் கணினி பார்க்கிற தம்பிக்கும், வாசிகசாலைப் பொறுப்பாளருக்கும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் இடத்தில் கோப்பு மெதுவாகப் போகிறதென்றால், ஊரையும் காற்றையும் பழைய கணினியையும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒரு பெரிய கோப்பை எடுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள், இரண்டு திசையிலும் அனுப்பிப் பாருங்கள். 100 மெகாபிட் லைன் விநாடிக்கு 11 மெகாபைட் தர வேண்டும். தரவில்லை என்றால் அது விதி அல்ல, பழுது. பழுதைத் திருத்தலாம். லைன் போகிறதா என்று மட்டும் கேட்காமல், எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். மேசைக்கு மறுபக்கம் ஒருவர் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.